ஞானப் பரிசோதனைக் கமிட்டி

எங்கள் சங்கத்தில் ஞானம் அடைந்தவர் ஒருவர்கூட இல்லை என்ற குறை, 1956-ம் வருஷம் மாசி மாதத்து நிர்வாகக் குழுக் கூட்டத்தில்தான் முதன்முதலாக வாய்விட்டுப் பேசப்பட்டது. அதற்கு முன்பும் அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். மரியாதையை முன்னிட்டு யாரும் சொல்லவில்லை.

சொல்லியே தீரவேண்டிய நிலைமை வந்துவிட்டது. அந்த வைகாசிப் பௌர்ணமியோடு புத்தர் பரிநிர்வாணம் அடைந்து இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டு என்று ஊரெல்லாம் விழா ஏற்பாடு. அடுத்த பேட்டையில் இருந்த ஒரு சங்கத்தார் இலங்கையிலிருந்து போதி மரக் கன்று ஒன்றைத் தொட்டியில் வைத்துக் கப்பலில் வரவழைத்துவிட்டார்கள். அது மூன்று இலை விட்டிருப்பதாகவும் சேதி வந்தது. காலடிப்பேட்டைக்குக் கிழக்கே, கடலுக்கு முதுகைக் காட்டி நின்ற எங்கள் தம்மப் பிரகாச சங்கத்திடம் காட்ட என்ன இருந்தது? ஒரு மாடி வீடு, ஒரு சுவர்க் கடிகாரம், எழுபத்திரண்டு நாற்காலி, மூன்று கொள்கை.

நான் பேசின் பிரிட்ஜ் மின்சார நிலையத்தில் குமாஸ்தா. கையெழுத்து நன்றாக இருக்கும் என்ற ஒரே குற்றத்துக்காக என்னைச் சங்கத்தின் நடவடிக்கைக் குறிப்பு எழுத உட்கார்த்திவிட்டார்கள். ஆறு வருஷம் எழுதினேன். ஞானம் என்றால் என்ன என்று ஆறு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவனுக்கு வரக்கூடிய எரிச்சல் எனக்கும் வந்தது. ஆனால் குறிப்பில் எரிச்சலுக்கு இடம் கிடையாது.

மூன்று கொள்கைக்கும் ஆளுக்கு ஒருவராக மூன்று பேர் இருந்தார்கள்.

தலைவர் தங்கப்பாண்டிக்கு வண்ணாரப்பேட்டையில் ஜவுளி மொத்த வியாபாரம். யுத்தத்துக்கு முன்னால் சரக்கு எடுக்க ஜப்பானுக்குப் போனவர், மழையில் மாட்டிக்கொண்டு ஒரு மடத்தில் இரண்டு நாள் தங்கினார். அங்கே தூங்கி வழிந்த சீடன் ஒருவனைக் குரு முதுகில் கோலால் அடித்ததையும், அடி வாங்கியவன் சிரித்ததையும் கண்ணால் கண்டார். ஞானம் என்பது படீரென்று வருவது, படிப்பு வேண்டாம், தவம் வேண்டாம், சரியான நேரத்தில் ஒரு அடி போதும் என்பது அன்றிலிருந்து அவர் கட்சி. கடையில் துணி அளக்கும் கெஜக்கோலைச் சங்கத்துக்கும் கையோடு கொண்டுவருவார். அதில் அடி வாங்காத உறுப்பினர் எங்களில் கிடையாது. இதுவரை ஒருவரும் சிரிக்கவில்லை.

உபதலைவர் கருணாகரன் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். பாலி மொழி படித்தவர். படித்தது தெரியும்படி பேசுகிறவர். அவர் கணக்கில் ஞானத்துக்கு நாலு படி. முதல் படி ஏறியவன் அதிகம் போனால் ஏழு பிறவியில் கரையேறுவான், இரண்டாம் படிக்காரன் ஒரே பிறவியில், மூன்றாம் படிக்காரன் இந்தப் பக்கமே திரும்பி வரமாட்டான், நாலாம் படியில் பரீட்சை முடிந்தது. குறுக்கு வழியில் மேல் வகுப்புக்குப் போகிறவர்களை அவர் பள்ளிக்கூடத்திலேயே விட்டதில்லை.

காரியதரிசி சுயம்பு, தங்கப்பாண்டியின் மனைவிக்குத் தம்பி. உலகத்தில் கடைசி எறும்பு வரை கரையேறினால்தான் தானும் கரையேறுவேன் என்று நிற்பவனே போதிசத்துவன், தனக்கு மட்டும் ஞானத்தை வாங்கிக்கொண்டு போகிறவன் சுயநலக்காரன் என்பது அவர் கொள்கை. அதனால்தானோ என்னவோ சங்கத்துக் கடிதங்களுக்கும் அவர் பதில் போடுவதில்லை. எல்லோரும் எழுதி முடிக்கட்டும் என்று காத்திருப்பார்.

"அவன் தொட்டியில மரம் வச்சிருக்கான். நாம என்னத்தக் காட்டுததுக்கு? நாற்காலியவா?" என்று கேட்டார் தங்கப்பாண்டி. "ஞானம் அடைஞ்ச ஆளு ஒருத்தரு வேணும். உயிரோட இருக்கணும். வைகாசிக்குள்ள வேணும்."

"முதலில் பாடத்திட்டம் வகுக்க வேண்டும். பிறகுதான் தேர்வு," என்றார் கருணாகரன்.

"ஆளு கிடைச்சாலும் ஒத்துக்கிட மாட்டாரே அத்தான். ஒத்துக்கிட்டா அவரு ஆளு இல்லையே," என்றார் சுயம்பு.

மூவரும் உறுப்பினர்களாக ஞானப் பரிசோதனைக் கமிட்டி அமைக்கப்பட்டது. ஞானம் அடைந்தவரைப் பரிசோதிக்க ஞானம் அடையாதவர்களுக்கு என்ன தகுதி என்று ஒரு உறுப்பினர் எழுந்து கேட்டார். கெஜக்கோல் அவர் முதுகில் விழுந்தது. கேள்வி வாபஸ் பெறப்பட்டதாக எழுதிக்கொண்டேன்.

ஆளைக் கண்டுபிடித்தவர் சுயம்புதான். பங்குனியில் ஒருநாள் காலை ஜீரணத்துக்காகக் கடற்கரையில் உலாவப் போனவர், மணல் மேட்டில் பூவரச மரத்தடியில் ஒருவர் கால் மடக்கி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். அரைக்கண் மூடியிருந்தது. தலை ஆடவில்லை. மடியில் ஒரு சிவப்புத் துணி. சுயம்பு திருவொற்றியூர் வரை போய்த் திரும்பினார். மூன்று மணி நேரம் கழிந்தும் ஆள் அப்படியே இருந்தார்.

"என்ன செய்யுதீக?" என்று கேட்டார் சுயம்பு.

"ஒண்ணியும் இல்ல சாமி. குந்திகினு கீறேன்."

"என்ன தெரியுது?"

அவர் கடலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "ஒண்ணியும் காணோம்."

சுயம்பு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். "சூனியத்தைப் பார்த்துட்டாரு அத்தான்! ஒண்ணுமில்லங்காரு. அதையும் அலட்டிக்கிடாம சொல்லுதாரு!"

அந்த மனிதர் பெயர் தாமோதரன். பக்கத்துக் குப்பத்தில் பெரிய வலைக்கு மீன் பார்க்கிறவர். பெரிய வலை என்பது கரையிலிருந்து இழுக்கிற வலை. ஒரு படகு வலையைக் கடலில் அரைவட்டமாக விட்டு வரும். இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்துக் குப்பமே இழுக்கும். மீன் கூட்டம் எப்போது, எந்த இடத்தில், எந்தத் திசையில் போகிறது என்று தெரிந்தால்தான் படகை விட முடியும். அதற்கு ஒருவர் மேட்டில் உட்கார்ந்து தண்ணீரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வெயில் கூசுவதால் கண் பாதி மூடியிருக்கும். கூட்டம் தெரிந்ததும் எழுந்து சிவப்புத் துணியை வீசுவார். வீசும் திசையைப் பார்த்துப் படகு போகும். விடிந்ததிலிருந்து வெயில் உச்சிக்கு வரும்வரை அவர் சும்மா உட்கார்ந்திருப்பதுபோல் தெரியும். குப்பத்து உலை அவர் கண்ணில்தான் கொதித்தது.

எட்டு வருஷத்துக்கு முன் கட்டுமரத்துக் கட்டைகளுக்கு நடுவில் மாட்டி அவருடைய இடது கால் நசுங்கிப்போயிற்று. கடலுக்குப் போக முடியாது. அந்த மேடும் அந்தத் துணியும் போனால் தாமோதரன் கரையில் பிறர் கொண்டுவந்த மீனைத் தரம் பிரித்துக்கொண்டு, பரிதாபத்துக்கு ஒரு கை மீன் வாங்கிப்போகிற ஆள்தான். வேறு மேடும் கிடையாது. துறைமுகம் கட்டிய நாளிலிருந்து கடல் வடக்கே கரையைத் தின்றுகொண்டே வந்தது. மிச்சம் வைத்தது அந்த ஒன்றைத்தான்.

மறுநாளே கமிட்டி மேட்டுக்குப் போயிற்று. வெயிலுக்கு ஆளுக்கொரு குடை. தங்கப்பாண்டியின் குடை ஜவுளிக்கடை வாசலில் விரிக்கிற அளவு. அவர் நேர் முன்னால் நின்று தாமோதரனை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாமி, கொஞ்சம் தள்ளிக்கோ. நான் மீனு பாக்கறேன்," என்றார் தாமோதரன்.

"உவமையாகப் பேசுகிறார்," என்று கருணாகரன் என் காதில் சொன்னார். "மீன் என்றால் மனம். எழுதிக்கொள்ளுங்கள்."

குடைக்குப் பின்னால் ஒரு நெத்திலிக் கூட்டம் கரையோரமாகவே வடக்கே போயிற்று. அதை அடுத்த குப்பத்தார் வளைத்தார்கள். அன்று மாலை தாமோதரன் வீட்டு வாசலில் கூட்டம் நின்றது. குப்பத்துக்குத் தலைவரான நாட்டார் தண்டபாணி நடுவில் நின்று பேசினார். அவர் நிலைமையும் சங்கடம்தான். விழாவுக்கு மந்திரி வருகிறார், மந்திரி வந்தால் குப்பத்துக்குத் தண்ணீர்க் குழாய் என்று தங்கப்பாண்டி அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

"அவங்கோ பெரிய மனுசங்கோ. கேக்கறதுக்கு பதிலு சொல்லிக்கினு இரு. ஆனா மீனையும் வுட்றாத," என்றார் நாட்டார்.

"அவங்கோ மூஞ்சியப் பாக்கறதா, தண்ணியப் பாக்கறதா நைனா?"

"ரெண்டியும் பாரு. ஆனா ஒண்ணு சொல்லிட்டேன். இன்னும் ரெண்டு தபா வுட்டீன்னா துணிய எம் மருமவன் கையில குடுத்துருவேன்."

அந்த மருமகன் மேக நிழலை மீன் கூட்டம் என்று நினைத்து இரண்டு தரம் படகு விட்டவன். அது நாட்டாருக்கும் தெரியும். தாமோதரனின் மனைவி கோவிந்தம்மா மீன்கூடையைத் தரையில் வைத்துவிட்டு, "குயா வரும்னு மீன வுட்டா, குயாத் தண்ணியில இன்னாத்தக் கொயம்பு வெக்கறது?" என்று கேட்டாள்.

பரிசோதனை சித்திரையில் நடந்தது. முதல் பரீட்சை கருணாகரனுடையது. முப்பத்திரண்டு வினா. தேர்வு எழுதுபவருக்கு எழுதத் தெரியாது என்பதால் வாய்மொழித் தேர்வாக மாற்றி அதற்குத் தனித் தீர்மானம் போட்டார்கள்.

"உங்களுக்கு ஆசை உண்டா?"

"எதும்மேல சாமி?"

"பொதுவாக."

"பொதுவா இன்னா ஆசைப்படறது? எதுனா ஒண்ணு இருந்தாத்தானே?"

கருணாகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். முழு மதிப்பெண். கோபம் உண்டா என்று கேட்டபோது, மீன் விற்றுவிட்டு வந்து நின்றிருந்த கோவிந்தம்மா குறுக்கிட்டாள். "அவுருக்கு ஏது சாமி? வூட்டுல கோவத்துக்கு நான் ஒருத்தி இருக்கறேனே, போதாதா?"

பதினேழாவது வினாவில் தேர்வு தடுக்கி விழுந்தது. உயிர்க்கொலை செய்வதுண்டா என்று கருணாகரன் கேட்டார்.

"நான் எங்க சாமி கொல்றேன்? நான் இத்தினி வருசமா ஒரு மீனத் தொட்டது இல்ல. அது எங்க போவுதுன்னு காட்டுவேன். அவ்ளோதான்."

காட்டுவது கொலையா இல்லையா என்று கமிட்டி இரண்டு மணி நேரம் வாதாடியது. கொல்லச் சொல்வதும் கொலைதான் என்று பிக்குகளின் விதிநூலான விநயத்திலிருந்து கருணாகரன் மேற்கோள் காட்டினார். அவர் வாயைத் திறந்து சொல்லவில்லையே, துணியைத்தானே வீசுகிறார் என்றார் சுயம்பு. துணிக்கு என்ன பாவம் வரும், துணி வியாபாரியான தான் இருக்கும்போது அப்படிப் பேசலாமா என்று கோபித்துக்கொண்டார் தங்கப்பாண்டி. வாதத்தின் நடுவே தாமோதரன் மூன்று தரம் எழுந்திருக்கப் பார்த்தார். "தேர்வு நேரத்தில் எழுந்திருக்கக் கூடாது," என்று கருணாகரன் தோளை அழுத்தி உட்கார வைத்தார். இரண்டாவது மீன் கூட்டமும் அப்படித்தான் போயிற்று. அது போவதைத் தாமோதரன் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். போகவில்லை.

அடுத்தது தங்கப்பாண்டியின் பரீட்சை. பின்பக்கமாக வந்து கெஜக்கோலால் முதுகில் ஒன்று வைத்துவிட்டு, "என்ன?" என்று கத்தினார்.

"வலி," என்றார் தாமோதரன்.

"ஒரே வார்த்தை! அளந்து கிழிச்ச மாதிரி!" தங்கப்பாண்டி ஆனந்தத்தில் கோலை மணலில் போட்டுவிட்டார். "இத்தனை வருசத்துல இப்படி ஒருத்தன் சொல்லலியே. எல்லாவனும் ஐயோ அம்மாங்கான்."

கடைசியாகச் சுயம்பு, 'ஞானம் அடைந்தவர்' என்று சட்டம் போட்ட பத்திரத்தை நீட்டினார்.

"வாணாம் சாமி. என்னிய வுட்ருங்கோ," என்று தாமோதரன் கை கூப்பினார்.

சுயம்புவுக்குக் கண் கலங்கிவிட்டது. மறுத்துவிட்டார், ஆகவே தேறிவிட்டார். தேறிவிட்டதால் பத்திரத்தைக் கொடுக்க வேண்டும். கொடுத்து அவர் வாங்கிக்கொண்டால் தோற்றுவிடுவார். இந்தச் சிக்கல் மூன்று கூட்டங்களை விழுங்கியது. முடிவில், பௌர்ணமியன்று மேட்டிலேயே பந்தல் போட்டு விழா நடத்தி, பத்திரத்தை அவர் மறுத்தபடியே இருக்க, சங்கம் அவர் மடியில் வைப்பது என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று.

அன்று மாலை தாமோதரன் என்னைத் தேடி மின்சார நிலைய வாசலுக்கே வந்துவிட்டார். காலை இழுத்து இழுத்து அவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தார்.

"ரைட்டரே, உனக்குப் புண்ணியமாப் போவும். நான் இன்னா தப்பு பண்ணேன்னு சொல்லு. திருத்திக்கிறேன்."

"தப்பு ஒண்ணும் இல்ல. நீங்க ஞானம் அடைஞ்சுட்டதா நினைக்கிறாங்க."

"அப்பிடின்னா இன்னா?"

ஆறு வருஷக் குறிப்புகளையும் மனதுக்குள் புரட்டிப் பார்த்தேன். "தெரியலியே," என்றேன்.

"எனுக்கு இன்னும் ஒரு தபாதான் கீது ரைட்டரே. அதுவும் போச்சுன்னா நான் மனுசனே இல்ல." அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பௌர்ணமி அன்னிக்கு எனுக்குக் கெயக்கால மட்டும் தொறந்து வெக்கச் சொல்லு. அவங்கோ இன்னா வேணா பண்ணிக்கட்டும்."

நான் கமிட்டியிடம் சொன்னேன். புத்தரும் கிழக்கு நோக்கித்தான் அமர்ந்தார் என்று கருணாகரன் உடனே ஒப்புக்கொண்டார். எனக்கே என் சாமர்த்தியத்தில் ஒரு பெருமை வந்தது. ஆனால் பௌர்ணமியன்று மேட்டுக்குப் போனால், பந்தலின் கிழக்குப் பக்கம் முழுவதும் ராயபுரத்து நாடகக் கம்பெனியில் வாடகைக்கு எடுத்த படுதா தொங்கியது. அதில் காடு, ஆறு, அன்னப்பறவை. மூலையில் இருந்த புலியின் மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். கிழக்கு நோக்கி உட்கார்ந்தால் சபைக்கு முதுகைக் காட்டியதாகும் என்று, தாமோதரனை மேற்கே திருப்பி உட்கார வைத்தாயிற்று. தங்கப்பாண்டி கடைச் சரக்கில் ஆறு கெஜம் மஞ்சள் துணியைப் போர்த்தியிருந்தார்கள். துணியின் கரையில் கடை முத்திரை இருந்தது. சிவப்புத் துணி பற்றின் சின்னம் என்று கருணாகரன் வாங்கித் தன் நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

மந்திரி வரவில்லை, தந்தி வந்தது. இலங்கையிலிருந்து சென்னை வந்திருந்த வயதான பிக்கு ஒருவர் வந்தார். வந்ததும் மூன்று பேரும் அவரைச் சூழ்ந்துகொண்டு, ஞானம் படிப்படியாக வருமா, படீரென்று வருமா, வராமல் காத்திருக்குமா என்று கேட்டார்கள். "எனக்கு இன்னும் வரவில்லை. வந்தால் சொல்கிறேன்," என்றார் பிக்கு, புத்தகத் தமிழில். பிறகு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மூன்று பேரும் இது தங்கள் கட்சிக்குச் சாதகமான பதில் என்று என்னிடம் தனித்தனியாக வந்து சொன்னார்கள்.

குப்பத்து ஜனம் மணலில் உட்கார்ந்திருந்தது. நாட்டாரின் மருமகன் முன்வரிசையில் இருந்தான். கீழே தண்ணீரோரம் படகு வலையோடு தயாராக நின்றது. படகுக்காரர்கள் மேட்டைப் பார்த்தபடி இருந்தார்கள். மேட்டில் அவர்களுக்குத் தெரிந்தது படுதாவின் பின்பக்கம்தான்.

தங்கப்பாண்டி ஒலிபெருக்கியைப் பிடித்தார். "பெருமக்களே! ஆசைதான் துன்பத்துக்குக் காரணம். எனக்குப் பதவி ஆசை கிடையாது. தலைவர் பதவி வேண்டாம் என்று மூன்று முறை சொன்னேன். நாலாவது முறை கேட்பதற்கு நம் உறுப்பினர்கள் தாமதம் செய்தபோது, நானே ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. இந்தப் பந்தலை நான்தான் போட்டேன் என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா? நாலு பக்கமும் என் கடைப் பெயர்தான் எழுதியிருக்கிறது!"

குப்பம் கை தட்டியது. அடுத்துப் பேசிய கருணாகரன் அடக்கத்தைப் பற்றிப் பேசினார். "அடக்கத்தில் எனக்கு நிகரான ஒருவரை இந்தத் தாலுகாவில் நான் சந்தித்ததில்லை," என்று தொடங்கி, தாமோதரன் இரண்டாம் படியில் இருப்பதாகவும், தாம் மதிப்பெண்ணைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டிருப்பதாகவும் சொன்னார்.

நான் தாமோதரனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேர்வை மஞ்சள் துணியை நனைத்தது. அந்த மேட்டில் முதல் முறையாக அவர் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். எதிரே என்ன பார்ப்பது என்று தெரியாமல் அவர் கண் எங்கெங்கோ அலைந்தது.

அப்போது படுதாவுக்குப் பின்னால், மீன் தின்னும் ஆலாப் பறவைகள் கத்தின. கடற்கரையில் அவை எப்போதும் கத்துவதுதான். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. தாமோதரனின் கழுத்து விறைத்தது. சுயம்பு சட்டம் போட்ட பத்திரத்தை எடுத்துக்கொண்டு அவர் மடியை நோக்கிக் குனிந்தார்.

தாமோதரன் எழுந்தார். பத்திரமும் சுயம்புவும் ஒரு பக்கம் விழுந்தார்கள். நொண்டிக் காலை இழுத்துக்கொண்டு இரண்டு எட்டில் படுதாவை அடைந்தார். அன்னப்பறவையின் கழுத்தைப் பிடித்து ஒரே இழுப்பு. காடும் ஆறும் புலியும் மடமடவென்று கருணாகரன் தலையில் சரிந்தன. வெளிச்சம் உள்ளே கொட்டியது. நேர் கிழக்கே, கூப்பிடு தூரத்தில், தண்ணீர் ஒரு பெரிய பாய் அளவுக்குக் கறுத்துக் கொதித்தபடி தெற்கே நகர்ந்துகொண்டிருந்தது.

சிவப்புத் துணி படுதாவுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. தாமோதரன் போர்த்தியிருந்த மஞ்சள் துணியை உருவினார். ஆறு கெஜத்தையும் தலைக்கு மேல் சுழற்றித் தெற்கே வீசினார்.

"மீனு! மீனு வந்துகினு கீது! தெக்கால வுடு! தெக்கால!"

படகு தண்ணீரில் விழுந்தது. சபை எழுந்து ஓடியது. எழுபத்திரண்டு நாற்காலியில் அறுபது மணலில் கவிழ்ந்தது. கோவிந்தம்மா ஓடும்போதே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "பாத்துட்டாரு! எம்மாம் பெரிய துணிய வெச்சி மறைச்சானுங்கோ, அப்பவும் பாத்துட்டாரு பாரு!" என்று அழுதுகொண்டே கத்தினாள். நாட்டார் முதல் ஆளாகக் கயிற்றைப் பிடித்தார். மருமகன் இரண்டாவது.

சத்தத்தில் விழித்த பிக்கு என்ன நடந்தது என்று என்னைக் கேட்டார். மீன் கூட்டம் வந்தது, முதுகுப் பக்கமாக, படுதாவுக்கு அந்தப்புறம், அவர் கண்டுகொண்டார் என்றேன். பிக்கு மேட்டின் உச்சியில் இடுப்புக் கச்சத்தோடு நின்று துணி வீசும் மனிதரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அந்த மீன்களுக்காக நான் வருத்தப்படுகிறேன்," என்றார். "ஆனால் இங்கே விழித்திருந்தவர் அவர் ஒருவர்தான்."

இதைக் குறிப்பில் எழுதினேன். பொருளுக்குத் தொடர்பில்லாதது என்று கமிட்டி பிறகு அடித்துவிட்டது.

வலை கரைக்கு வர உச்சி தாண்டியது. அந்த வருஷத்தில் அப்படி ஒரு மீன்பாடு விழவில்லை என்றார்கள். நாட்டார் சிவப்புத் துணியைப் படுதாவுக்கு அடியிலிருந்து தாமே தேடி எடுத்து, மணலைத் தட்டி, தாமோதரன் தோளில் போட்டார்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். சங்கம் என்று ஒன்று இருந்ததால் முடியவில்லை.

மறுநாள் காலை அவசரக் கூட்டம். மீனைக் கண்டு கூச்சல் போட்டதால் தாமோதரன் இரண்டாம் படியிலிருந்து உருண்டு வாசலுக்கே வந்துவிட்டார் என்று கருணாகரன், நெற்றியில் கட்டோடு, அறிவித்தார். படுதாவைக் கிழித்த அந்த நொடியில்தான் அவருக்குப் படீரென்று ஞானம் வந்தது என்றார் தங்கப்பாண்டி. தன் ஆசனத்தை விட்டுப் பிறர் பசிக்காக எழுந்து ஓடியதால் அவர் போதிசத்துவர், இனிமேல்தான் ஞானமே வேண்டாம் என்பார் என்றார் சுயம்பு. ஆறு மணி நேரம் கழித்து மூன்று பேரும் ஒரே ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டார்கள். ஞானம் வந்த இடமோ, போன இடமோ, மேடு புனிதமானது. ஒரு வாரத்தில் மேட்டைச் சுற்றி இரும்பு வேலி வந்தது. கதவுக்குப் பூட்டு வந்தது. பலகையும் வந்தது: 'ஞானபூமி. இங்கே உட்காரக் கூடாது.'

தாமோதரனும் கோவிந்தம்மாவும் சங்கத்துக்கு வந்து வாசலில் நின்றார்கள்.

"மனு எழுதிக் கொடுக்க வேண்டும்," என்றார் கருணாகரன். "அதில் தாம் ஞானம் அடைந்தவரா, இல்லையா என்று தெளிவாகக் குறிப்பிட வேண்டும். அடைந்தவர் என்றால் அவருக்கு இந்த இடம், அந்த இடம் என்ற பேதம் கிடையாது. எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், மேடு தேவையில்லை. அடையாதவர் என்றால் புனித பூமியில் அமர உரிமை இல்லை."

"அவுரு குந்தினதாலதானே அது புனிதமாச்சி? அவுரே குந்தக் கூடாதுன்னா இன்னா சாமி ஞாயம்?" என்றாள் கோவிந்தம்மா.

"அம்மா, புத்தர் அமர்ந்த இடத்தில் இப்போது யாராவது அமருகிறார்களா?"

"அவுரு செத்துட்டாரு. எம் புருசன் கீறாரே!"

கமிட்டி இதை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தது. மூன்று பேரும் உள்ளே போனார்கள். தாமோதரன் போகவில்லை. மாடிப்படியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரைட்டரே, இந்தப் படி எங்க போவுது?"

"மொட்டை மாடிக்கு. யாரும் போறதில்ல."

"அங்கேர்ந்து பாத்தா கடலு தெரியுமா?"

எனக்குத் தெரியாது. ஆறு வருஷம் அந்தக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாளும் ஏறிப் பார்த்ததில்லை. சாவி என் பொறுப்பில் இருந்தது. சங்க விதிகளை முதலிலிருந்து கடைசி வரை புரட்டினேன். வேலி, மேடு, ஞானபூமி எல்லாவற்றுக்கும் விதி இருந்தது. மொட்டை மாடியைப் பற்றி ஒரு வரி கிடையாது. சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு நானும் பின்னால் ஏறினேன். எண்ணூர் வரைக்கும் கடல் விரிந்து கிடந்தது. தாமோதரன் கைப்பிடிச் சுவரோரமாக உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, துணியை மடியில் வைத்துக்கொண்டார்.

"மேட்ட வுட சோக்காக் கீது," என்றார்.

ஆனி மாதத்து நிர்வாகக் குழு, 'தாமோதரன் ஞானம் அடைந்தாரா' என்ற பொருளை விவாதிக்கக் கீழ்க் கூடத்தில் கூடியது. கருணாகரன் பேசிக்கொண்டிருந்தபோது கூரைக்கு மேலே தடதடவென்று காலடிச் சத்தமும், ஒரு பெரிய குரலும் கேட்டன. சன்னலுக்கு வெளியே, குடிசைகளிலிருந்து ஆணும் பெண்ணுமாக ஜனம் தண்ணீரை நோக்கி ஓடியது. கருணாகரன் ஒரு நொடி நிறுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு, மூன்றாம் படிக்குப் போனார்.

அன்றைய குறிப்பின் கடைசி வரிகள் இவை. கமிட்டி படிக்காமலே கையெழுத்துப் போட்டதால் இன்னும் அடிபடாமல் இருக்கின்றன:

'பத்தே முக்கால் மணிக்கு மேலேயிருந்து ஓர் அழைப்பு வந்தது. குப்பத்தில் எல்லோரும் எழுந்து ஓடினார்கள். சங்கத்தில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. விவாதம் தொடர்ந்தது.'